மரக்கோப்பைத் தண்ணீரில் இறங்குவது எது?

இலங்கையில் நீரிழிவுக்காரர் இருக்கும் பல வீடுகளில் ஒரு மரக்கோப்பை இருப்பதுண்டு. கொத்தல ஹிம்புட்டு என்று சிங்களத்தில் வழங்கும் காட்டுக்கொடியின் பருத்த தண்டைக் கடைந்து செய்த கோப்பை அது. இரவில் அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நிறம் ஏறியிருக்கும் தண்ணீரை வெறும் வயிற்றில் குடிப்பார்கள். தமிழில் இந்தக் கொடிக்குப் பொன்கொரண்டி என்று பெயர். தாவரவியலாளருக்கு இது சலாசியா ரெட்டிகுலேட்டா. இது எத்தகைய காட்டில் வளர்கிறது என்பதற்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில் உள்ள கித்துல்கலயை ஆற்றில் படகு விடும் இடமாகவும், 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' ஆங்கிலப் படம் எடுக்கப்பட்ட இடமாகவும்தான் வெளியூரார் அறிவார்கள். ஆனால் தேயிலைக்கும் ரப்பருக்கும் இடையே தப்பிப் பிழைத்திருக்கும் மக்கந்தாவ போன்ற ஈரவலயக் காடுகள்தான் அந்த ஊரின் மூத்த சொத்து. பொன்கொரண்டிக்கு இயல்பான இருப்பிடம் இத்தகைய மழைக்காடுகள். கித்துல்கலயின் பெலிலென குகையை அகழ்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் உண்ட காட்டு வாழையும் கெக்குன கொட்டையும் கருகிய எச்சங்களாகக் கிடைத்தன. காட்டுச் செடிகளைத் தெரிந்து பயன்படுத்தும் பழக்கம் இந்த மண்ணில் அவ்வளவு பழையது. அந்தக் கோப்பைத் தண்ணீரில் இறங்குவது எது என்று சேர்மம் சேர்மமாகப் பிரித்துப் பார்க்கும் இரசாயனவியலை, நாட்டு வைத்தியத்துக்குப் போட்டியாக வந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கும் அந்தக் கொடிக்கும் நியாயம் செய்ய வேண்டுமானால் இந்தப் பிரிப்பு வேலையைத் தவிர்க்கவே முடியாது.

ஒரு செடிக்குள் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றில் வேலை செய்வது எது என்று கண்டுபிடிப்பதில் முதல் முடிவே மிக முக்கியமானது: எந்தக் கரைப்பானில் ஊறவைப்பது, எந்தச் சோதனையை வைத்துத் தேடுவது? பொன்கொரண்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. கொழும்பில் 1980களிலேயே ஆய்வாளர்கள் நாட்டு மூலிகைக் கசாயங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, இரத்தச் சீனியைக் குறைக்கும் மூலிகைகளில் இதுவும் ஒன்று என்று 1984இல் எழுதிவிட்டார்கள். ஆக, வேலை செய்கிறது என்பது தெரிந்திருந்தது. எது வேலை செய்கிறது என்பது தெரியவில்லை. 1996இல் இலங்கை, ஜப்பானிய இரசாயனவியலாளர்கள் சேர்ந்து இதே கொடியிலிருந்து குயினோன்மீதைடு வகை டிரைடெர்பீன்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். எண்ணெய்த் தன்மையுள்ள, தண்ணீரில் கரைய மறுக்கும் சேர்மங்கள் அவை. அரிய வேலைதான், இந்தத் தாவரக் குடும்பம் அத்தகைய சேர்மங்களை எப்படி உண்டாக்குகிறது என்பதற்கு அது வெளிச்சம் தந்தது. ஆனால் கோப்பையில் ஊற்றுவது தண்ணீர். தண்ணீரில் இறங்காத ஒன்று காலையில் குடிப்பவரின் வயிற்றுக்குப் போகாது. அடுத்த ஆண்டு, 1997இல், கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தின் யோஷிகாவா மசயூக்கி தலைமையிலான குழு இதே கொடியை வேறொரு கேள்வியோடு அணுகியது. குடலில் மாச்சத்தையும் சீனியையும் உடைக்கும் நொதிகளை மறிப்பது இந்தச் சாற்றின் எந்தப் பகுதி என்பதே அந்தக் கேள்வி.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். காய்ந்த வேரையும் தண்டையும் பொடியாக்கி, மெதனோலும் தண்ணீரும் கலந்த கரைசலில் சூடாக்கிச் சாறு எடுக்கிறார்கள். வடிகட்டிய சாற்றைக் குறைந்த அழுத்தத்தில் சுழலவிட்டுக் கரைப்பானை ஓட்டினால் அடியில் பிசுபிசுப்பான ஒரு கூழ் எஞ்சும். அதைத் தண்ணீரில் கலக்கி, கீழே குழாய் வைத்த கூம்புக் குடுவையில் எதைல் அசற்றேற்றுடன் சேர்த்துக் குலுக்கி நிறுத்தினால் இரண்டு படலமாகப் பிரியும். எண்ணெய்ப் பாங்கானவை மேலே போகும், தண்ணீர்ப் பாங்கானவை கீழே தங்கும். இனிமேல்தான் முக்கியமான கட்டம். ஒவ்வொரு படலத்திலும் ஒரு துளியை எடுத்து, எலியின் சிறுகுடலிலிருந்து பெற்ற நொதியோடும் சீனியோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சீனி உடைந்து குளுக்கோஸ் வந்தால் அந்தத் துளியில் நாம் தேடுவது இல்லை. குளுக்கோஸ் வராமல் நின்றால் உண்டு. 'உண்டு' என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, சிலிக்கா நிரப்பிய நெடுங்குழாய் வழியே ஓட்டி, சொட்டுச் சொட்டாகப் பல நூறு குப்பிகளில் பிடித்து, மறுபடியும் ஒவ்வொன்றையும் நொதியோடு சோதிக்கிறார்கள். இப்படிச் சலித்துச் சலித்து வரும்போது கடைசியில் ஒரே சேர்மம் தனித்து நிற்கும். கிலோக் கணக்கில் பொடி போட்டாலும் கிடைப்பது மிகச் சொற்பம். யோஷிகாவா குழுவுக்கு அப்படிக் கிடைத்து, பளிங்காகவும் படிந்த பொருளுக்குச் சலசினோல் என்று பெயர் வைத்தார்கள். 1998இல் அதே கொடியிலிருந்து கொத்தலனோல் வந்தது; பிற்பாடு பொன்கொரனோலும் வந்தது.

சலசினோலின் உருவம் இரசாயனவியலாளரையே வியக்க வைத்தது. அதன் நடுவில் சர்க்கரையை ஒத்த ஐந்து மூலை வளையம் ஒன்று. வழக்கமாக ஒட்சிசன் அணு இருக்கும் மூலையில் கந்தக அணு. அந்தக் கந்தகம் நேர்மின் ஏற்றத்தோடு நிற்கிறது. அதிலிருந்து நீளும் பக்கச் சங்கிலியில் எதிர்மின் ஏற்றமுள்ள சல்பேற்று இருந்து அதைச் சமன் செய்கிறது. இயற்கையில் அதுவரை கண்டிராத அமைப்பு. ஏன் இது வேலை செய்கிறது என்பதற்கு விடையும் இந்த மின்னேற்றத்தில்தான் இருக்கிறது. சிறுகுடலின் சுவரில் இருக்கும் நொதி மோல்ற்றோஸ் என்னும் சர்க்கரையின் மூலக்கூறு ஒன்றை இரண்டாக வெட்டும் கணத்தில், வெட்டுப்படும் சர்க்கரை வளையம் நேர்மின் ஏற்றமுள்ள ஒரு நிலையைக் கடந்துதான் குளுக்கோஸாகிறது. அந்த இடைநிலையை இறுகப் பற்றிக்கொள்வதற்கென்றே நொதியின் பள்ளம் அமைந்திருக்கிறது. நேர்மின் கந்தகத்தோடு சர்க்கரைச் சாயலில் வரும் சலசினோல் அந்தப் பள்ளத்தில் போய் அமர்ந்துவிடுகிறது. ஆனால் அதை வெட்ட முடியாது. இடம் அடைபட்டதால் உண்மையான மோல்ற்றோஸ் காத்திருக்க வேண்டியதாகிறது. மனிதக் குடல் நொதியோடு கொத்தலனோல் இணைந்திருக்கும் பளிங்கு அமைப்பை 2010இல் கனடிய ஆய்வாளர்கள் நேரடியாகப் பார்த்து இதை உறுதிப்படுத்தினார்கள். எலிகளில் செய்த ஒரு எளிய சோதனை எனக்கு இன்னும் அழகாகப் படுகிறது. பொன்கொரண்டிச் சாறு கொடுத்த எலிக்குச் சீனியோ மோல்ற்றோஸோ ஊட்டினால் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுவது தணிகிறது. நேரே குளுக்கோஸையே ஊட்டினால் சாறு எதையும் தடுப்பதில்லை, ஏனென்றால் வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. இந்தக் கொடி கணையத்தை விழிக்கச் செய்வதாகவும் இரத்தத்தைச் சுத்திகரிப்பதாகவும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குடலில் நிற்கும் வெட்டுக்கத்தியைப் பிடித்துக்கொள்வது உறுதி என்பதை இந்த ஒரு சோதனை காட்டிவிட்டது.

பிரித்தெடுத்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. 2008இல் வேறொரு குழு, இதே கொடியிலிருந்து மிக வலிமையான ஒரு மறிப்பானைப் பிரித்தெடுத்து, பதின்மூன்று அணுக்கள் சேர்ந்த பெரிய வளையம் என்று அதன் அமைப்பை எழுதியது. அதே ஆண்டிலேயே ஜப்பானின் முராவோக்கா குழு, அந்தப் பொருள் அப்படிப்பட்ட பெரிய வளையமே அல்ல, கொத்தலனோலில் சல்பேற்று நீங்கிய வடிவம்தான் என்று எடுத்துக்காட்டித் திருத்தியது. கொத்தலனோலின் பக்கச் சங்கிலியில் ஒவ்வொரு கிளையும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது 1998இல் தெளிவாகவில்லை. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மாரியோ பின்டோவின் குழு அதைச் சோதனைச்சாலையில் புதிதாகக் கட்டிப் பார்த்து, இயற்கைப் பொருளோடு ஒப்பிட்டு 2009இல்தான் அதை முடிவு கட்டியது. ஒரு கோப்பைத் தண்ணீரில் கரையும் ஒரே ஒரு பொருளின் உருவத்தைச் சரியாகச் சொல்லப் பதினொரு ஆண்டு பிடித்தது. இதை அறிவியலின் தடுமாற்றமாகக் காட்டி ஏளனம் செய்பவர்கள் உண்டு. எனக்கு இது நம்பிக்கை தருகிறது. யார் சொன்னாலும் இன்னொருவர் சரிபார்க்கலாம், பிழை இருந்தால் பெயர் சொல்லித் திருத்தலாம் என்ற ஏற்பாடு வேறு எந்த மருந்து மரபிலும் இவ்வளவு வெளிப்படையாக இல்லை.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபனை வரும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. செடி முழுதாகத்தான் மருந்து. ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் மருந்தின் உயிர் போய்விடும் என்பார்கள் நாட்டு வைத்தியர்கள். இந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைக் காட்டியதும் பிரிப்பு வேலைதான். பொன்கொரண்டியில் மாங்கிஃபெரின் என்ற இன்னொரு சேர்மமும் இருக்கிறது. மாமரத்தில் முதலில் அறியப்பட்ட இது, இதே நொதிகளை ஓரளவு மறிப்பதோடு, நீரிழிவில் கண்ணையும் நரம்பையும் பாதிக்கும் வழியில் நிற்கும் மற்றொரு நொதியையும் மறிக்கிறது. ஆகவே பல கைகள் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது சரியே. ஆனால் எத்தனை கைகள், எந்தக் கை எவ்வளவு என்று கேட்காமல் 'முழுமை' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் நாம் வாங்க வேண்டியதுதான். சீனாவின் ஜின்யின்ஹுவா மருந்துப் பூவுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும் அந்தக் கொடிப்பூவின் தரத்தைக் குளோரோஜெனிக் அமிலத்தின் அளவைக்கொண்டே பார்த்தார்கள். மலைப்பகுதியில் விளையும் உறவுக்கார இனத்தின் பூவில் அந்த அமிலம் இன்னும் அதிகம். ஆனால் உண்மையான பூவுக்கு அடையாளமான லுட்டியோலோசைடு அதில் மிகச் சொற்பம், சபோனின்களோ ஏராளம். ஒரே அளவுகோலை நம்பினால் மாற்றுப்பூ அசலைவிட உயர்தரம் என்றாகிவிடும். சீன மருந்து நூலின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டையும் வெவ்வேறு மருந்தாகப் பிரித்துவிட்டது. ஒரு சேர்மத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்பது வைத்தியர்கள் சொல்வதற்குப் பக்கபலம்தான். அந்த ஏமாற்றத்தைக் கண்டறிய இரண்டாவது சேர்மத்தைப் பிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சலாசியா இனங்களிலும் இதே சிக்கல் உண்டு. பொன்கொரண்டி என்ற ஒரே பெயரில் பல இனங்கள் விற்பனையாகின்றன. இனத்துக்கு இனம், விளைந்த இடத்துக்கு இடம் சலசினோலின் அளவு மாறுகிறது. பொடியாகிவிட்ட வேரைக் கண்ணால் பார்த்து எது எதென்று சொல்ல யாராலும் இயலாது.

பரம்பரை பரம்பரையாகக் குடித்து வருகிறார்களே, அதைவிடப் பெரிய சோதனை எது என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வழிவழி வந்த அனுபவம், எந்தக் கொடியைப் பார்க்க வேண்டும் என்று கைகாட்டியது. அந்தக் கைகாட்டல் இல்லாமல் கியோட்டோவில் யாரும் பொன்கொரண்டியைத் தொட்டிருக்க மாட்டார்கள். அனுபவத்தால் சொல்ல முடியாதது அளவு. புதுக் கோப்பையில் முதல் நாள் இறங்கும் அளவும், பல முறை ஊற்றி வெளுத்த கோப்பையில் இறங்கும் அளவும் ஒன்றாக இருக்க வழியில்லை. தண்ணீரில் கரையும் பொருள் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிப் போய்க்கொண்டேதான் இருக்கும். கோப்பை அப்படியேதான் இருக்கிறது, மருந்து குறைந்துபோயிற்று. குடிப்பவருக்கு அது தெரியாது. இலங்கை மருத்துவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டு, அளவு கட்டிய கொத்தல ஹிம்புட்டுத் தேநீரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2005இல் வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவுள்ள 51 பேர். அசல் தேநீர் சில மாதம், போலித் தேநீர் சில மாதம். எது எப்போது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, போலித் தேநீர்க் காலத்தில் 6.65, அசல் தேநீர்க் காலத்தில் 6.29. வேறுபாடு உண்மையானது, ஆனால் சிறியது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோப்பையை நம்பலாம் என்று இந்த எண்ணை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லை, வெறும் நம்பிக்கை என்றும் சொல்ல முடியாது. இந்த நடுநிலையான விடைக்காகத்தான் அளவு கட்டிய சோதனை வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

மூன்றாவது ஆட்சேபனையில் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. கொடி நம்முடையது, அறிவு நம்முடையது, பெயரும் நம்முடையது. காப்புரிமை மட்டும் வேறு யாருக்கோ. இக்கொடியின் சேர்மங்களையும் சாற்றையும் சார்ந்து ஜப்பானிலும் அமெரிக்காவிலும் காப்புரிமைகள் எடுக்கப்பட்டன. ஜப்பானில் சலாசியா சாறு சேர்த்த உணவுப்பொருட்கள் நல்ல விலைக்கு விற்கின்றன. உயிரினச் செல்வம் அது வாழும் நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது, அதனால் வரும் பயனில் பங்கு தரவேண்டும் என்ற உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை 1992இல் உருவாகி, 1993 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் 1994இல் அதில் சேர்ந்துவிட்டது. சலசினோல் வெளியானது அதற்குப் பின்னர்தான். எழுத்தில் உரிமை இருந்தும், இலங்கையின் காட்டோர மக்கள் கைக்குப் பங்கு வந்து சேர்வதற்கான ஒழுங்கான வழி இருக்கவில்லை. இது அநியாயம், இதைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதிலிருந்து 'ஆகவே ஆய்வே வேண்டாம், கொடியை மூடி வைப்போம்' என்ற முடிவுக்கு வருபவர்களோடு நான் உடன்படவில்லை. 1980களிலேயே கொழும்பில் தொடங்கிய தேடல், தண்ணீர்ப் படலத்தைப் பிரித்துப் பளிங்காக்கும் கருவியும் பணமும் இங்கே போதிய அளவு இருந்திருந்தால் இந்த நாட்டிலேயே முடிந்திருக்கலாம். உரிமை கோர வேண்டுமானால் எதற்கு உரிமை என்று சொல்லத் தெரிய வேண்டும். எந்தச் சேர்மம், எவ்வளவு, எந்த இனத்தில், எந்தக் காட்டில் என்று நம் பேராதனை, பெலிஹுலோயா பல்கலைக்கழகங்களில் பதிவு செய்திருந்தால் மற்றவர் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் கோர இடம் குறைந்திருக்கும்.

சோதனைச்சாலையில் கட்டிவிட முடிகிறதே, இனிக் காட்டுக்கொடி எதற்கு என்ற கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். சலசினோலை 2000ஆம் ஆண்டை ஒட்டியே சோதனைச்சாலைகளில் உண்டாக்கிவிட்டார்கள் என்பது உண்மை. எனினும் பல படிகள் கொண்ட அந்தத் தயாரிப்பு ஒரு மாத்திரையாகி மருந்துக்கடைக்கு வரவில்லை. நுண்ணுயிரிலிருந்து வந்த அகார்போஸ், ஜப்பானில் உருவான வோக்லிபோஸ் என்று இதே நொதிகளை மறிக்கும் மாத்திரைகள் மலிவாக ஏற்கனவே கடையில் இருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆக, காட்டுக்கொடியின் மீதான இழுப்பு குறையவில்லை. பொன்கொரண்டிக்கு ஆபத்து அதன் மருந்துப் பகுதியிலேயே இருக்கிறது. வேரையும் முதிர்ந்த தண்டையும் எடுத்தால் கொடி செத்தது. இன்னொன்று அந்தப் பருமனுக்கு வளரப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். இலையைப் பறித்தால் கொடி பிழைக்கும். இலையிலும் நொதியை மறிக்கும் ஆற்றல் உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேரோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் அளந்து பார்ப்பதே இப்போது செய்ய வேண்டிய வேலை. கைவிடப்பட்ட தேயிலை மலைகளின் ஓரத்திலும் ரப்பர் மரங்களின் அடியிலும் இந்தக் கொடியை ஏற்றிவிட்டு இலைக்காக வளர்க்க முடியுமானால், காட்டுக்குள் கத்தியோடு போகும் தேவை குறையும். தேயிலைக் கொழுந்தைப் பறித்துப் பழகிய கைகளுக்கு இன்னொரு இலையைப் பறிப்பது புதிய வேலையும் அல்ல. எந்த இலை, எந்த வயதில், எவ்வளவு சலசினோல் என்று சொல்லும் எண்கள் இல்லாமல் இதில் யாரும் முதலிட மாட்டார்கள்.

கடைசியாக, இந்தச் சேர்மத்தின் இயல்பைத் தெரிந்துகொண்டதால் இன்றே, லயத்துக் காம்பராவிலேயே பயன்படக்கூடிய ஒரு விஷயம். தோட்டங்களில் சுகர் மாத்திரை விழுங்குபவர்களில் சிலர் வீட்டில் இந்தக் கோப்பைத் தண்ணீரையும் குடிக்கிறார்கள், கிளினிக்கில் கேட்டால் சொல்வதில்லை. கிளிபென்கிளமைட்டு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சில நேரம் இரத்தச் சீனி மிகத் தாழ்ந்துபோகும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சுக் குழறும். வழக்கமாக அப்போது செய்வது சீனி போட்ட சாயத்தண்ணி கொடுப்பது, இல்லாவிட்டால் ஒரு டொபியைக் கொடுப்பது. ஆனால் நாம் வாங்கும் வெள்ளைச் சீனி, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த இரட்டை. அதை வெட்டும் நொதியைத்தான் சலசினோல் மறிக்கிறது. அகார்போஸ் எடுப்பவர்களுக்கு இந்தக் காரணத்தால்தான், சீனி தாழ்ந்தால் சாதாரணச் சீனியை நம்பாமல் குளுக்கோஸாகவே கொடுங்கள் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். அதே நொதியை அதே விதமாக மறிக்கும் பொன்கொரண்டித் தண்ணீரைக் குடிப்பவருக்கும் அந்த அறிவுரை பொருந்த வேண்டும். எனவே அத்தகைய வீட்டில் குளுக்கோஸ் தூள் ஒரு பெட்டி இருக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுப்பவர் 'வீட்டில் கொத்தல ஹிம்புட்டு குடிக்கிறீங்களா?' என்று அதட்டாமல் கேட்க வேண்டும். கேட்டதை அட்டையில் எழுதியும் வைக்க வேண்டும்.